மலையூரில் வீடு கட்ட ஒரு மனு

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. புவியியல்)

உணவு, உடை, உறையுள் என்று மனிதனின் தேவைகளை மூன்றாக அடுக்குவது வழக்கம். முதல் இரண்டுக்கும் யாரும் மனுப் போடுவதில்லை. மூன்றாவதற்குப் போட வேண்டும். 'வீட்டைக் கட்டிப் பார்' என்று சொன்ன முன்னோர் செங்கல்லையும் சுண்ணாம்பையும் நினைத்துத்தான் சொல்லியிருப்பார்கள். இன்று வீடு கட்டுகிறவர் முதலில் கட்டுவது ஒரு காகிதக் கட்டு.

என் தந்தை கொத்தனார். முப்பது ஆண்டுகளாக மலைச்சரிவில் பிறருக்கு வீடு கட்டித் தருபவர். சென்ற ஆண்டு எங்கள் தகரக் கூரை வீட்டை எடுத்துவிட்டுத் தளம் போட்ட வீடு கட்ட எண்ணி மனுக் கொடுத்தார். சில வாரங்களில் அது திரும்பி வந்தது. மேலே 'குறைபாடுடையது' என்று ஒரு முத்திரை. எது குறை என்று அதில் எழுதவில்லை. மறுபடியும் கொடுத்தார், மறுபடியும் அதே முத்திரை. எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை முதலில் மிதித்தவன் நான். ஆகவே அந்தக் காகிதத்தை என்னிடம் நீட்டி, "என்ன குறைன்னு படிச்சுச் சொல்லு தம்பி" என்றார். படித்தேன். எனக்கும் தெரியவில்லை.

அந்த நாட்களில்தான் மலைக் குடியிருப்புகள் பற்றிய பாடத்திற்காக, அமெரிக்காவின் சியரா நெவாடா மலைத்தொடரைக் குறித்துக் குறிப்புகள் எடுத்துக்கொண்டிருந்தேன். அங்குள்ள பல மலையூர்களுக்குத் தமக்கென்று ஓர் ஆட்சி மன்றமே கிடையாது என்று படித்தபோது எனக்கு ஒரு கேள்வி எழுந்தது. அப்படிப்பட்ட ஊரில் வீடு கட்ட விரும்புகிறவர் யாரிடம் மனுக் கொடுப்பார்? அவரிடம் என்னென்ன கேட்பார்கள்? கேட்பதற்குக் காரணம் சொல்வார்களா? அந்தத் தேடலில் அறிந்தவற்றை என் சக மாணவர்களுடனும் ஆசிரியப் பெருமக்களுடனும் பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஆட்சி மன்றம் இல்லாத ஊர்

நம் நாட்டில் நகரங்களுக்கு மாநகராட்சியும் நகராட்சியும் இருப்பதுபோல் சிற்றூர்களுக்கு ஊராட்சி உண்டு. 1992ஆம் ஆண்டின் 73ஆவது அரசியலமைப்புத் திருத்தம் அதற்கு உறுதியான இடத்தை அளித்தது. மிகச் சிறிய குக்கிராமமும் பெரும்பாலும் ஏதேனும் ஓர் ஊராட்சிக்குள் அடங்கிவிடும்.

அமெரிக்காவில் நிலைமை வேறு. அங்கே மாநிலத்துக்குக் கீழே 'கவுன்ட்டி' என்னும் பிரிவு உண்டு. ஏறக்குறைய நம் மாவட்டத்தைப் போன்றது எனலாம். கலிபோர்னியா மாநிலத்தில் மட்டும் 58 கவுன்ட்டிகள் உள்ளன. ஓர் ஊரில் வாழ்வோர் விரும்பிச் சட்டப்படி முயன்றால் அவ்வூர் நகராட்சித் தகுதியைப் பெறலாம். பெற்றால் தனி மன்றம், தனி விதிகள், தனி வரி வருவாய் எல்லாம் உண்டு. பெறாத ஊர்களை 'நகராட்சித் தகுதி பெறாத ஊர்கள்' என்று பிரித்து வைக்கிறார்கள். அவ்வூர்களுக்குப் பெயர் உண்டு, அஞ்சலகம் உண்டு, பள்ளிக்கூடமும் இருக்கும். ஊர் மன்றம் மட்டும் இருக்காது. குடிநீருக்கோ தீயணைப்புக்கோ தனி வாரியம் இருக்கலாம். மற்றபடி அங்கே உள்ளாட்சி என்பது கவுன்ட்டியே.

பெயரை வைத்து ஏமாந்துவிடக் கூடாது என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. தெற்குக் கலிபோர்னியாவின் சான் பெர்னார்டினோ மலையில் அடுத்தடுத்து இரண்டு ஊர்கள் இருக்கின்றன. ஒன்று பிக் பேர் லேக். மற்றொன்று பிக் பேர் சிட்டி. 'சிட்டி' என்று பெயர் கொண்ட ஊர் நகராட்சி அன்று. 'லேக்' என்று பெயர் கொண்டதுதான் 1980இல் நகராட்சியானது. ஆகவே ஒரே பள்ளத்தாக்கில் வாழும் இருவரில் ஒருவர் தம் ஊர் மன்றத்திடமும், மற்றவர் கவுன்ட்டியிடமும் கட்டட அனுமதி கேட்க வேண்டும்.

எல் டொராடோ

என் குறிப்புகளில் அதிகம் இடம்பெற்ற கவுன்ட்டி எல் டொராடோ. 1848ஆம் ஆண்டு ஜனவரி 24ஆம் நாள் ஜேம்ஸ் மார்ஷல் என்பவர் ஒரு மரம் அறுக்கும் ஆலையின் நீர்க்காலில் தங்கத் துகள்களைக் கண்ட கொலோமா இங்கேதான் இருக்கிறது. உலகத்தின் நாலா பக்கமிருந்தும் மக்கள் கலிபோர்னியாவை நோக்கி ஓடிவந்தது அதன் பிறகுதான்.

இந்தக் கவுன்ட்டி மேற்கே தாழ்ந்த குன்றுகளில் தொடங்கிக் கிழக்கே சியரா நெவாடாவின் முகட்டைத் தாண்டி டாஹோ ஏரிவரை செல்கிறது. தலைநகரான பிளாசர்வில் ஏறத்தாழ 570 மீட்டர் உயரத்திலும், டாஹோ ஏரியின் நீர்மட்டம் ஏறத்தாழ 1,900 மீட்டர் உயரத்திலும் உள்ளன. 2020ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி மக்கள்தொகை சுமார் 1,91,000. இத்தனை பெரிய மலைப்பரப்பில் நகராட்சித் தகுதி பெற்றவை பிளாசர்வில், சவுத் லேக் டாஹோ ஆகிய இரண்டே. ஏனைய ஊர்கள் அனைத்தும் தேர்ந்தெடுக்கப்பட்ட ஐந்து உறுப்பினர்களைக் கொண்ட கவுன்ட்டி மன்றத்தின் நேரடி ஆட்சியில் இருக்கின்றன. அங்கே வீடு கட்ட மனுக் கொடுக்க வேண்டிய இடமும் கவுன்ட்டியின் திட்டமிடல் மற்றும் கட்டடத் துறையே.

மனு கேட்கும் கேள்விகள்

நகரத்தில் மனை வாங்குகிறவருக்குத் தெருவிலேயே குடிநீர்க் குழாயும் சாக்கடையும் ஓடும். மலையூரில் பல இடங்களில் அவை இரா. ஆகவே இங்கே மனுவின் கேள்விகள் மண்ணிலிருந்தே தொடங்குகின்றன.

முதலாவது, நிலத்தின் வகைப்பாடு. அந்த மனையில் குடியிருப்பு அமையலாமா, எத்தனை வீடுகள் கட்டலாம், எல்லையிலிருந்து எவ்வளவு தள்ளிக் கட்ட வேண்டும் என்பவை கவுன்ட்டியின் பொதுத் திட்டத்தில் முன்பே வகுக்கப்பட்டிருக்கும்.

இரண்டாவது, கழிவுநீர். பொதுச் சாக்கடை இல்லாத இடத்தில் செப்டிக் டேங்க் வேண்டும். அதிலிருந்து வெளியேறும் நீரை மண் உறிஞ்ச வேண்டும். அதற்கு ஓர் எளிய சோதனை செய்வார்கள். குழி தோண்டி, மண்ணை முதலில் நன்றாக ஊறவைத்து, பிறகு நீர் ஊற்றி, நீர்மட்டம் ஓர் அங்குலம் இறங்க எத்தனை நிமிடம் ஆகிறது என்று அளப்பார்கள். மிக மெதுவாக இறங்கினால் கழிவு மேலே தேங்கும். மிக விரைவாக இறங்கினால் தூய்மை அடையாமலே கீழே உள்ள கிணற்றுக்குச் சென்றுவிடும். இரண்டுக்கும் நடுவே மண் அமைந்தால்தான் வழக்கமான முறைக்கு அனுமதி கிடைக்கும்.

மூன்றாவது, சரிவு. செங்குத்தான மனையானால் நிலவியல் அறிந்த பொறியாளரின் அறிக்கை கேட்பார்கள். வெட்டி எடுக்கும் மண் எங்கே போகிறது, மழைநீர் எவ்வழியே வடிகிறது, தடுப்புச் சுவர் எதைத் தாங்குகிறது என்பவை வரைபடத்தில் வர வேண்டும்.

நான்காவது, பனி. உயரம் கூடக் கூடக் கூரை தாங்க வேண்டிய பனியின் சுமையும் கூடும். இதை ஒரு சிறு கணக்கால் உணரலாம். அப்போது விழுந்த பனி பஞ்சு போன்றது. சில நாட்கள் கிடந்து இறுகிய பனியின் எடை ஒரு கன மீட்டருக்கு 300 கிலோகிராம் அளவுக்கு வந்துவிடும். 100 சதுர மீட்டர் கூரையின்மேல் ஒரு மீட்டர் உயரத்துக்கு அது கிடந்தால் மொத்தச் சுமை 30 டன். அங்கே வீடுகள் பெரும்பாலும் மரச் சட்டங்களால் ஆனவை என்பதையும் நினைவிற் கொள்ள வேண்டும்.

ஐந்தாவது, தீ. கலிபோர்னியா மலைகளில் கோடைக்காலம் காட்டுத்தீயின் காலம். தீயணைப்பு வண்டி மனைவரை வந்து திரும்பிச் செல்லப் பாதை உண்டா, தீயணைக்க நீர் உண்டா என்று கேட்பார்கள். 2008ஆம் ஆண்டு முதல், காட்டை ஒட்டிய தீ அபாயப் பகுதிகளில் கட்டப்படும் புதிய வீடுகளின் கூரை, வெளிச்சுவர், காற்றுத் துளைகள் ஆகியவை நெருப்புப் பொறியை எதிர்த்து நிற்கும் பொருள்களால் அமைய வேண்டும் என்பது மாநில விதி. வீட்டைச் சுற்றி 100 அடி தூரம்வரை, சொந்த மனையின் எல்லைக்குள், காய்ந்த சருகையும் புதரையும் அகற்றி வைக்கவும் வேண்டும்.

டாஹோ ஏரிப் பக்கம் கட்டுவோருக்கு ஆறாவது கேள்வியும் உண்டு. அந்த ஏரியின் தெளிவைக் காப்பதற்காகக் கலிபோர்னியாவும் நெவாடாவும் செய்துகொண்ட உடன்படிக்கையால் 1969இல் ஒரு கூட்டு வாரியம் உருவானது. கூரையும் சிமெண்டும் தாரும் போட்டு மண்ணை மூடிவிட்டால் மழைநீர் மண்ணுக்குள் இறங்காமல் சேற்றை அள்ளிக்கொண்டு ஏரிக்குப் போகும். ஆகவே மண்ணின் தன்மை, சரிவு இவற்றைக் கொண்டு நிலங்களை வகைப்படுத்தி, மனையில் எத்தனை பங்கை மூடலாம் என்று வரையறுத்தார்கள். 1974இல் வகுக்கப்பட்ட அந்த முறையில் அடிப்படை அளவு 1 சதவீதத்திலிருந்து 30 சதவீதம் வரை செல்கிறது. மண்ணியலைப் பாடமாகப் படிக்கும் நமக்கு, ஒரு மண்வகை ஒருவருடைய வீட்டின் அளவையே முடிவு செய்கிறது என்பது வியப்பூட்டும் செய்தியே.

காகிதத்திலிருந்து களத்துக்கு

இத்தனைக்கும் விடை சேர்ந்த வரைபடங்களைக் கவுன்ட்டியின் ஆய்வாளர்கள் சரிபார்ப்பார்கள். குறை இருந்தால் எந்தத் தாளில் எந்த இடத்தில் என்ன திருத்த வேண்டும் என்று பட்டியல் எழுதித் திருப்புவார்கள். திருத்தியபின் கட்டணம் செலுத்தி அனுமதி பெறலாம். ஆனால் அனுமதி வாங்கியதோடு கதை முடிவதில்லை. அடித்தளக் குழியையும் கம்பியையும் பார்த்து ஆய்வாளர் கையொப்பமிட்ட பிறகே கான்கிரீட் ஊற்றலாம். மரச்சட்டம், மின்கம்பி, குழாய் ஆகியவற்றைச் சுவர்ப் பலகை மூடுமுன் காட்ட வேண்டும். இறுதி ஆய்வு முடிந்து குடிபுகச் சான்று கிடைத்தால்தான் அது வீடு.

இதை என் தந்தையிடம் சொன்னேன். அமெரிக்கா என்றதும் பெரிதாக வியக்காதவர், கான்கிரீட் பற்றிச் சொன்னதும் நிமிர்ந்து உட்கார்ந்தார். "அதுதான் சரி. ஊத்துனதுக்கு அப்புறம் உள்ளே எத்தனை கம்பி இருக்குன்னு யாருக்குத் தெரியும்? ஊத்துறதுக்கு முன்னாடி வந்து பாக்குறவன்தான் நெசமாப் பாக்குறவன்" என்றார்.

கேள்விகளின் விலை

இத்தனை கேள்விகள் தேவைதானா என்று ஐயுறுவோர் இரண்டு நிகழ்ச்சிகளைக் கருத வேண்டும்.

2021ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் எல் டொராடோவில் கால்டோர் தீ எழுந்தது. அது இரண்டு இலட்சம் ஏக்கருக்கு மேல் எரித்தது. கிரிஸ்லி ஃபிளாட்ஸ் என்னும் சிற்றூர், அதுவும் நகராட்சித் தகுதி பெறாததே, தீ தொடங்கிய சில நாட்களுக்குள் பெரும்பகுதி சாம்பலாயிற்று. தீ வீட்டை எப்படிப் பிடிக்கிறது என்பதை ஆராய்ந்தோர், பல வீடுகள் பெருநெருப்பின் சுவாலையால் அல்ல, காற்றில் பறந்து வந்து காற்றுத் துளைக்குள்ளும் கூரை இடுக்கிலும் நுழையும் சிறு பொறிகளால் எரிகின்றன என்று கண்டிருக்கிறார்கள். துளைக்கு வலை போட்டாயா என்ற கேள்வி அற்பமாகத் தோன்றும். வீட்டைக் காப்பது அதுவாக இருக்கலாம்.

மற்றொன்று பனி. 2023ஆம் ஆண்டு பிப்ரவரி, மார்ச் மாதங்களில் சான் பெர்னார்டினோ மலையில் பெரும் பனிப்பொழிவு ஏற்பட்டுச் சாலைகள் மூடப்பட்டு, மக்கள் நாட்கணக்கில் வீடுகளுக்குள் அடைபட்டனர். கிரெஸ்ட்லைன் என்னும் மலையூரில் மளிகைக் கடையின் கூரையே பனியின் சுமையால் சரிந்தது. உணவுப் பொருள் மிகவும் தேவைப்பட்ட நேரத்தில் ஊர் தன் கடையை இழந்தது. முப்பது டன் என்பது வெறும் ஏட்டுக் கணக்கு அன்று என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

ஆகவே கட்டட அனுமதி என்பது வீட்டில் இன்று இல்லாதவர்களுக்காகக் கேட்கப்படும் கேள்வி. கீழ்ச்சரிவில் கிணறு வைத்திருப்பவர், தீயணைக்க வரப்போகிறவர், இருபது ஆண்டு கழித்து அவ்வீட்டை வாங்கப் போகிறவர் ஆகியோருடைய வாயாக நின்று அரசு கேட்கிறது.

திருப்பிக் கேட்ட மனிதர்

ஆனால் கேட்கும் உரிமைக்கு எல்லை இல்லையா? இதற்கு விடை தேடி அமெரிக்க உச்ச நீதிமன்றம்வரை சென்ற ஒருவரும் இதே எல் டொராடோக்காரர்தான்.

ஜார்ஜ் ஷீட்ஸ் என்பவர் தம் நிலத்தில், தொழிற்சாலையில் செய்து கொண்டுவந்து நிறுத்தும் எளிய வீடு ஒன்றை அமைக்க அனுமதி கேட்டார். பேரனை அங்கே வளர்க்க வேண்டும் என்பது அவருடைய எண்ணம். கவுன்ட்டி 23,420 டாலர் கேட்டது. புதிய வீடுகளால் சாலைப் போக்குவரத்து கூடுகிறது. சாலையை அகலப்படுத்த அதற்கான பங்கு இது என்றது. இவருடைய ஒரு வீட்டால் எவ்வளவு போக்குவரத்து கூடும் என்று கணக்கிட்டு அத்தொகை விதிக்கப்படவில்லை. வட்டாரத்தையும் கட்டடத்தின் வகையையும் கொண்டு மன்றம் முன்பே போட்டு வைத்திருந்த அட்டவணைப்படி விதிக்கப்பட்டது. ஷீட்ஸ் எதிர்ப்பைத் தெரிவித்துவிட்டுப் பணத்தைக் கட்டி அனுமதி பெற்றார். பிறகு வழக்குத் தொடுத்தார்.

இதற்கு முன்பே இரண்டு தீர்ப்புகள் இருந்தன. 1987இல் கடற்கரை வீடு ஒன்றைப் பற்றிய நோலன் வழக்கில், அனுமதிக்கு விதிக்கும் நிபந்தனைக்கும் கட்டடத்தால் விளையும் தீங்குக்கும் தொடர்பு இருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் கூறியது. 1994இல் ஒரு கடையின் விரிவாக்கத்தைப் பற்றிய டோலன் வழக்கில், நிபந்தனையின் அளவும் அத்தீங்கின் அளவுக்கு ஏறக்குறைய ஒத்திருக்க வேண்டும் என்றது. ஆனால் கலிபோர்னிய நீதிமன்றங்கள், இந்த அளவுகோல்கள் தனி அதிகாரி ஒருவருக்கென விதிக்கும் நிபந்தனைக்கே பொருந்தும், மன்றம் எல்லோருக்கும் பொதுவாக இயற்றிய கட்டணத்துக்குப் பொருந்தா என்று கூறி ஷீட்ஸின் வாதத்தை ஏற்கவில்லை.

2024ஆம் ஆண்டு ஏப்ரல் 12ஆம் நாள் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாகத் தீர்ப்பளித்தனர். விதித்தது அதிகாரியா, மன்றமா என்பதால் குடிமகனின் உரிமை மாறாது. மன்றம் இயற்றியது என்பதற்காக அக்கட்டணத்துக்குச் சோதனையிலிருந்து விலக்கு இல்லை என்பது அதன் சாரம். கட்டணம் தவறானது என்று அத்தீர்ப்பு சொல்லவில்லை. சோதித்துப் பாருங்கள் என்று கலிபோர்னிய நீதிமன்றத்துக்கே வழக்கைத் திருப்பி அனுப்பியது. எனினும் 'எதற்காகக் கேட்கிறீர்கள், ஏன் இவ்வளவு கேட்கிறீர்கள்' என்று மனுதாரர் திருப்பிக் கேட்கலாம் என்பது நிலைநாட்டப்பட்டது.

தம் கையால் கட்டுவோர்

கேள்விகள் பெருகினால் முதலில் ஒதுங்கிப்போகிறவர் கையில் பணம் இல்லாதவர். 1970களில் வடக்குக் கலிபோர்னியாவின் மென்டோசினோ கவுன்ட்டியில் நகர வாழ்வை விட்டுக் காட்டுப்பகுதிக்கு வந்த இளைஞர் பலர் தம் கையாலேயே குடில்கள் கட்டிக்கொண்டனர். அவை விதிப்படி இல்லை என்று கவுன்ட்டி நடவடிக்கை எடுத்தபோது அவர்கள் ஒன்றுசேர்ந்து வாதாடினர். விதியே வேண்டாம் என்று சொல்லி அவர்கள் வென்றிருக்க முடியாது. கிராமப்புறத்தில் உரிமையாளரே தமக்காகக் கட்டும் வீட்டுக்கென்று தனி விதித்தொகுப்பு ஒன்றை மாநிலம் வகுத்தது. உயிருக்கும் உடல்நலத்துக்கும் வேண்டியவற்றை வைத்துக்கொண்டு, பிறவற்றில் நெகிழ்வு தந்தது. மென்டோசினோ, ஹம்போல்ட் போன்ற கவுன்ட்டிகள் அதை ஏற்றுக்கொண்டன. சட்டமும் ஏழையின் வீடும் எதிரெதிராகவே நிற்க வேண்டியதில்லை என்பதற்கு இஃது ஒரு சான்று.

எங்கள் மனு

இவற்றையெல்லாம் படித்த பிறகு எனக்குக் கொஞ்சம் துணிவு வந்தது. தந்தையை அழைத்துக்கொண்டு அலுவலகத்துக்குச் சென்றேன். அவர் வாசலிலேயே செருப்பைக் கழற்றினார். "போட்டுக்குங்கப்பா" என்று மெல்லச் சொன்னேன். மேசைக்கு அருகில் சென்று, "சார், எந்த இடத்தில் குறை என்று சொன்னால் திருத்திக் கொடுக்கிறோம்" என்றேன். அங்கிருந்தவர் சற்றே என்னைப் பார்த்தார். பிறகு தாள்களைப் புரட்டி ஓரிடத்தில் விரல் வைத்தார். "சரிவோட குறுக்குவெட்டுப் படம் இல்லை. மழைத்தண்ணி எங்கே போகுதுன்னு காட்டலை. அவ்வளவுதான்" என்றார்.

அன்றிரவு தந்தை சொல்லச் சொல்ல நான் வரைந்தேன். மேல்வரப்பில் வரும் நீரை எங்கே வெட்டித் திருப்ப வேண்டும், தடுப்புச் சுவரில் எத்தனை அடிக்கு ஒரு துளை விட வேண்டும், துளைக்குப் பின்னால் ஏன் ஜல்லி நிரப்ப வேண்டும் என்று அவர் நிறுத்தாமல் சொன்னார். தண்ணீர் வெளியேற வழி இல்லாத சுவரைத் தண்ணீரே தள்ளிவிடும் என்றார். எந்த விதிநூலையும் அவர் படித்ததில்லை. விதிநூல் கேட்ட விடை முப்பது ஆண்டுகளாக அவர் கையில் இருந்திருக்கிறது. அவருக்குப் புரியும் சொல்லில் யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான் குறை.

மூன்றாம் முறை கொடுத்த மனுவுக்கு இதை எழுதும் நாள்வரை பதில் வரவில்லை. வரும் என்று நம்புகிறோம். இப்போது எங்கள் தெருவில் இன்னும் இருவர் தங்கள் காகிதங்களைக் கொண்டுவந்து கொடுத்திருக்கிறார்கள். நம் கல்லூரியில் என்னைப் போல் முதல் தலைமுறையாகப் படிக்க வந்தோர் பலர். நண்பர்களே, விடுமுறைக்கு ஊருக்குச் செல்லும்போது உங்கள் வீட்டுப் பெட்டியிலும் இப்படி ஒரு காகிதம் திரும்பி வந்து கிடக்கலாம். அதை எடுத்துப் படியுங்கள். புரியாவிட்டால் கொடுத்த இடத்திலேயே சென்று, எது குறை, எதற்காக என்று பணிவோடு கேளுங்கள். அதைக் கேட்பதற்குப் பட்டம் கையில் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.